காசு நம்முடையது... சுவிட்ச் அவர்களுடையது!

2024 ஏப்ரல். யூபிசாஃப்ட் நிறுவனத்தின் செயலியைத் திறந்து, பல வருடங்களாக ஓட்டிவந்த கார் பந்தய கேமைத் தேடுகிறார்கள் ரசிகர்கள். ‘தி க்ரூ’ என்ற அந்த கேம் பட்டியலில் ஒரு மூலைக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. மவுஸை அழுத்தினால் இன்ஜின் உறுமவில்லை. ஓர் அறிவிப்புதான் வருகிறது. ‘இந்த கேமைத் திறக்க உங்களுக்கு இனி அனுமதி இல்லை. சாகசங்களைத் தொடர எங்கள் கடையைப் பார்க்கலாமே!’ என்கிற பொருளில் இரண்டே வரிகள். நாம் காசு கொடுத்து வாங்கிய வீட்டின் பூட்டை மாற்றிவிட்டு, வாசலில் நின்றபடி ‘பக்கத்துத் தெருவில் இன்னொரு வீடு விலைக்கு இருக்கிறது, பார்க்கிறீர்களா?’ என்று கேட்டால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

டிஸ்க்காக வாங்கி அலமாரியில் பத்திரமாக வைத்திருந்தவர்களுக்கும் இதே கதிதான். டிஸ்க்கில் கீறல் இல்லை, கன்சோலில் பழுது இல்லை. ஆனாலும் சர்வரைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்று சொல்லி முதல் திரையிலேயே கேம் நின்றுவிட்டது.

பிரான்ஸின் லியோன் நகரில் இயங்கும் ஐவரி டவர் ஸ்டூடியோ உருவாக்கி, 2014 டிசம்பரில் வெளிவந்த கேம் இது. அமெரிக்கா முழுவதையும் சுருக்கி ஒரே வரைபடமாக்கியிருந்தார்கள். ஒரு கடற்கரையில் புறப்பட்டால் எதிர்க் கடற்கரைக்குப் போய்ச் சேர ஏறக்குறைய முக்கால் மணி நேரம் ஓட்ட வேண்டும். பந்தயத்தை மறந்துவிட்டு, இரவு நேரத்தில் சும்மா ஊர் சுற்றவே பலர் இதை வாங்கினார்கள். 1 கோடியே 20 லட்சம் பேர் விளையாடியதாக யூபிசாஃப்டே சொன்னது. 2023 டிசம்பர் 14-ம் தேதி விற்பனையை நிறுத்திய நிறுவனம், சர்வர் கட்டமைப்பையும் உரிம ஒப்பந்தங்களையும் காரணம் காட்டி, 2024 மார்ச் 31-ம் தேதியோடு சர்வர்களை அணைத்தது. அண்மையில் வாங்கியவர்களுக்கு மட்டும் பணம் திரும்பக் கிடைத்தது.

எரிச்சல் எங்கே என்றால், தனி ஆளாகக் கதையை விளையாடினால்கூட இந்த கேமுக்கு இன்டர்நெட் கட்டாயம். மனிதர்கள் யாரும் எதிரே இல்லாதபோதும் ஒவ்வொரு நொடியும் யூபிசாஃப்டின் சர்வரோடு பேசிக்கொண்டே இருக்கும்படி கட்டியிருந்தார்கள். அங்கே சுவிட்சை அணைத்தால் இங்கே எல்லாமே இருட்டு.

கையெழுத்து வேட்டை

கேம்கள் இப்படிச் சாவது புதிதல்ல. ரசிகர்கள் திட்டுவார்கள், இரண்டு வாரத்தில் மறப்பார்கள், அடுத்த கேமை வாங்குவார்கள். இந்த முறை மறக்காதவர் ராஸ் ஸ்காட். போலந்தில் வசிக்கும் அமெரிக்கர். ‘அக்கர்ஸ்ட் ஃபார்ம்ஸ்’ என்ற யூடியூப் சேனலில் பழைய கேம்களைத் தோண்டியெடுத்துப் பேசுவது அவர் வேலை. கார்ப்பரேட் எதிர்ப்புப் போராளி என்கிற தோரணையெல்லாம் கிடையாது. நிதானமாக, சற்றே சலித்த குரலில் பேசுகிற மனிதர்.

2024 ஏப்ரலில் ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ என்ற இயக்கத்தை அவர் தொடங்கினார். ‘தி க்ரூ’வை முன்னே நிறுத்தியதில் கணக்கு இருந்தது. விளையாடியவர்கள் ஏராளம், தயாரித்தது பிரெஞ்சு நிறுவனம், பிரான்ஸில் நுகர்வோர் சட்டம் வலுவானது. கூடவே ஐரோப்பிய ஒன்றியத்தின் ‘குடிமக்கள் முன்முயற்சி’ என்கிற வழியும் திறந்திருந்தது. ஓராண்டுக்குள் 10 லட்சம் கையெழுத்து, குறைந்தது 7 நாடுகளில் குறிப்பிட்ட எண்ணிக்கை. இவை சேர்ந்தால் ஐரோப்பிய ஆணையம் பதில் சொல்லியே தீர வேண்டும்.

2024 ஜூலை 31-ல் கணக்கு தொடங்கியது. முதலில் வேகம், பிறகு சோர்வு. பெரிய கூட்டம் வைத்திருந்த ஓர் அமெரிக்க ஸ்ட்ரீமர், இது நடைமுறைக்கு ஒவ்வாத கோரிக்கை என்று வீடியோ போட, அதையே பலரும் நம்பிவிட்டார்கள். 2025 ஜூன் வரை இலக்கில் பாதியைக்கூடத் தொட முடியவில்லை. கடையை மூடப்போகிறோம் என்கிற தொனியில் ஸ்காட் ஒரு வீடியோ வெளியிட்டு, தன் கோரிக்கை எங்கெங்கே திரிக்கப்பட்டது என்று வரிசையாக எடுத்துச் சொன்னார். பிறகு நடந்தது யாரும் எதிர்பார்க்காதது. பெரிய யூடியூபர்கள் ஒவ்வொருவராகப் பேச, ஜூலை 3-ம் தேதி 10 லட்சத்தைத் தாண்டியது. ஜூலை 31-ல் கணக்கு முடிந்தபோது சுமார் 14.5 லட்சம். சரிபார்ப்புக்குப் பிறகு செல்லுபடியானவை ஏறக்குறைய 12.9 லட்சம். பிரிட்டனிலும் ஒரு மனு 1 லட்சத்தைத் தாண்டி, 2025 நவம்பர் 3-ம் தேதி எம்.பி.க்கள் அதை விவாதித்தார்கள். சட்டத்தை மாற்றும் எண்ணம் இல்லை என்றது அரசு.

‘விலைவாசி ஏறிக் கிடக்கிறது, இவர்களுக்கு விளையாட்டுப் பொம்மைதான் பிரச்னையா?’ என்று கேட்கத் தோன்றும். இந்தப் பொம்மையில் ஒத்திகை பார்த்ததைத்தான் இப்போது புத்தகத்திலும் சினிமாவிலும் கம்ப்யூட்டரிலும் அரங்கேற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

> கேட்பது இது... கேட்காதது இது!
>
> சர்வரைக் காலமெல்லாம் நடத்தச் சொல்லவில்லை. சோர்ஸ் கோடை ஒப்படைக்கச் சொல்லவில்லை. பதிப்புரிமையை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. இதுவரை வந்த எல்லா கேம்களுக்கும் பின்தேதியிட்டு விதி போடச் சொல்லவில்லை.
>
> காசுக்கு விற்ற கேமுக்கு ஆதரவை நிறுத்தும் நாளில், நிறுவனத்தின் உதவி இல்லாமலே அது ஓடும் நிலையில் விட்டுவிட்டுப் போங்கள் என்பதுதான் கோரிக்கை. ஆஃப்லைன் வசதி தரலாம். ரசிகர்களே சர்வர் நடத்தும் மென்பொருளைத் தரலாம். எந்த வழி என்பது நிறுவனத்தின் விருப்பம்.

2099 வரை செல்லும்!

யூபிசாஃப்ட் மீது கலிஃபோர்னியாவில் இரண்டு ரசிகர்கள் 2024 நவம்பரில் வழக்குப் போட்டார்கள். நிறுவனத்தின் பதில் எளிமையானது. நீங்கள் வாங்கியது கேமை அல்ல, பயன்படுத்தும் உரிமத்தை. அது காலவரையற்றது அல்ல என்று அட்டைப்பெட்டியிலேயே சொல்லியிருக்கிறோம். வழக்கு போட்டவர்கள் அதே அட்டைப்பெட்டியைப் புரட்டினார்கள். உள்ளே இருந்த ஆக்டிவேஷன் குறியீடு 2099 வரை செல்லும் என்று அச்சிட்டிருந்தது! சர்வர் அணைந்தது 2024-ல். இந்த 75 வருட வித்தியாசத்துக்கு எந்த வக்கீல் விளக்கம் எழுதுவாரோ, அவருக்கு நல்ல ஃபீஸ் கொடுக்கலாம்.

கலிஃபோர்னியா சட்டமன்றம் இதற்கு ஒரு மருந்து கண்டுபிடித்தது. 2025 ஜனவரி 1 முதல் அமலில் உள்ள சட்டப்படி, பிறகு பறித்துக்கொள்ளக்கூடிய டிஜிட்டல் பொருளை விற்கும்போது, ‘நீங்கள் பெறுவது உரிமம் மட்டுமே’ என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நிரந்தரமாக டவுன்லோட் செய்து வைத்துக்கொள்ளக்கூடியதை விற்றால் இந்த விதி கிடையாது. கம்ப்யூட்டர் கேம் விற்பனையில் முதலிடத்தில் இருக்கும் ஸ்டீம் தளம், 2024 அக்டோபரிலேயே பணம் கட்டும் பக்கத்தில் அந்த வரியைச் சேர்த்துவிட்டது. போலந்தின் ஜிஓஜி தளம், நாங்கள் தரும் இன்ஸ்டாலர் கோப்பை யாரும் உங்களிடமிருந்து பறிக்க முடியாது என்று விளம்பரம் செய்துகொண்டது. பூட்டு எதுவும் போடாமல் கேம் விற்பதுதான் ஜிஓஜியின் தொழிலே.

இந்தச் சட்டத்தில் எனக்கு அவ்வளவு திருப்தி இல்லை. பறிப்பதைத் தடுக்கவில்லை, ‘பறிப்போம்’ என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதும் என்கிறது. சிகரெட் பெட்டி எச்சரிக்கையையே யாரும் படிப்பதில்லை. பணம் கட்டும் அவசரத்தில் பொடி எழுத்தை யார் படிக்கப்போகிறார்கள்?

அவர்கள் தரப்பு

நிறுவனங்கள் சொல்வதெல்லாம் பொய் என்று ஒதுக்கிவிட முடியாது. கார் பந்தய கேமில் ஓடும் ஒவ்வொரு காருக்கும் அந்த கார் கம்பெனியோடு ஒப்பந்தம் உண்டு. அதற்குக் காலக்கெடு உண்டு. பாட்டுக்கும் அப்படியே. சர்வர் மென்பொருளில் வேறு கம்பெனிகளிடம் விலைக்கு வாங்கிய பாகங்கள் கலந்திருக்கும். அவற்றைத் தூக்கி ரசிகர் கையில் கொடுக்க முடியாது. ரசிகர்கள் நடத்தும் தனியார் சர்வரில் ஆபாசமோ திருட்டோ நடந்தால் பழி யார் மீது? ஐரோப்பிய கேம் நிறுவனங்களின் கூட்டமைப்பான ‘வீடியோ கேம்ஸ் யூரோப்’ 2025 ஜூலையில் இவற்றையெல்லாம் சொல்லி, ஆன்லைன் கேம் தயாரிக்கும் செலவே கட்டுக்கடங்காமல் போகும் என்றது. எதுவும் நிரந்தரமல்ல என்று தத்துவம் பேசினார் யூபிசாஃப்ட் தலைவர் ஈவ் கியமோ.

ஆனால், செய்தவர்கள் இருக்கிறார்களே! ‘நாக்அவுட் சிட்டி’ என்று ஒரு பந்து எறியும் கேம். 2023 ஜூனில் அதை மூடிய வீலன் ஸ்டூடியோஸ், தனியார் சர்வர் நடத்திக்கொள்ளும் பதிப்பை ரசிகர்களுக்கு இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போனது. யூபிசாஃப்டோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிய நிறுவனம். எந்நேரமும் இன்டர்நெட் கேட்டுக்கொண்டிருந்த ‘கிரான் டூரிஸ்மோ ஸ்போர்ட்’ என்ற கார் பந்தய கேமை 2024 ஜனவரியில் சோனி மூடியபோது, ஆஃப்லைனில் ஓடும்படி மாற்றிக் கொடுத்தது. அதிலும் நூற்றுக்கணக்கான கம்பெனி கார்கள் ஓடுகின்றன. அந்த ஒப்பந்தங்கள் குறுக்கே வரவில்லை.

இவ்வளவு ஏன்? கூச்சல் அதிகமானதும், ‘தி க்ரூ 2’ கேமுக்கு ஆஃப்லைன் வசதி தருவதாக 2024 செப்டம்பரில் அறிவித்து, மறு வருடம் அதைக் கொடுத்ததும் இதே யூபிசாஃப்ட்தான். முதல் கேமுக்கு முடியாதது இரண்டாவதற்கு எப்படி முடிந்தது? கடைசி நேரத்தில் பிரித்து மேய்வதுதான் செலவு. ஒருநாள் மூடுவோம் என்று தெரிந்தே வடிவமைத்தால் அந்தச் செலவு பெரிதாக இருக்காது. மூடுவிழாவை முதல் நாளே திட்டமிடுங்கள் என்று கட்டாயப்படுத்தத்தான் சட்டம் தேவைப்படுகிறது.

பழைய டிஸ்க்கை யாருக்கு விற்பது?

மூடிய கேம்களைவிடப் பெரிய விளைவு, மூடாத கேம்களில் நடக்கிறது. ஒரு டிஸ்க்கை வாங்கி, முடித்துவிட்டு, பாதி விலைக்கு விற்று, அந்தக் காசில் அடுத்ததை வாங்குவதுதான் உலகெங்கும் நடுத்தர வீட்டுப் பையன்களின் கேம் பட்ஜெட். சென்னை ரிச்சி தெருவில் தொடங்கி டோக்கியோவின் அகிஹபாரா வரை பழைய கேம் வியாபாரம் இதை நம்பித்தான் நடந்தது.

2013-ல் மைக்ரோசாஃப்ட், தன் எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோல் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இன்டர்நெட்டைத் தொட வேண்டும், பழைய டிஸ்க்குகளைக் கைமாற்றக் கட்டுப்பாடு உண்டு என்று அறிவித்தது. போட்டியாளரான சோனி ஒரு குட்டி வீடியோ போட்டது. ‘பிளேஸ்டேஷன் 4 கேமை நண்பனுக்குத் தருவது எப்படி?’ என்று கேட்டு, ஒருவர் டிஸ்க்கை நீட்ட, இன்னொருவர் வாங்கிக்கொள்கிறார். அவ்வளவுதான் வீடியோ! சில நாட்களில் மைக்ரோசாஃப்ட் பின்வாங்கியது.

அன்று ஒரே அறிவிப்பில் செய்ய முடியாததை, அடுத்த 12 ஆண்டுகளில் துளித்துளியாகச் செய்து முடித்துவிட்டார்கள். டிஸ்க் போடும் வாயே இல்லாத கன்சோல்கள் வந்தன. 2025 ஜூனில் வந்த நிண்டெண்டோ ஸ்விட்ச் 2-க்கு ‘கேம் கீ கார்டு’ என்று ஒன்று விற்கிறார்கள். பார்க்க கேம் கார்டு போலவே இருக்கும். உள்ளே கேம் இருக்காது. டவுன்லோட் செய்ய அனுமதிக்கும் சாவி மட்டும் இருக்கும். அதையும் கைமாற்றலாம்தான். ஆனால், டவுன்லோட் சர்வர் உயிரோடு இருக்கும்வரை மட்டுமே அந்த பிளாஸ்டிக் துண்டுக்கு விலை. அதே சமயத்தில் நிண்டெண்டோ தன் அமெரிக்கப் பயனர் ஒப்பந்தத்தையும் திருத்தியது. விதியை மீறினால் கன்சோலையே நிரந்தரமாகப் பயனற்றதாக்கவும் தனக்கு உரிமை உண்டு என்றது. கடையில் முழுப் பணம் கட்டி, பில் வாங்கி, வீட்டுக்குக் கொண்டுவந்த பெட்டியைச் சொல்கிறார்கள்.

> கொடுத்தார்கள்... எடுத்தார்கள்!
>
> 2009: ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’, ‘விலங்குப் பண்ணை’ பிரதிகளை, விற்றவருக்கு உரிமை இல்லை என்று சொல்லி வாசகர்களின் கிண்டில்களிலிருந்து அமேசான் அழித்தது. எல்லோரையும் வேவு பார்க்கும் அரசைப் பற்றிய நாவல் ‘1984’. அமேசான் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, பிறகு மன்னிப்பும் கேட்டது.
>
> 2010: லினக்ஸ் இயங்குதளம் போட்டுக்கொள்ளலாம் என்று விற்ற பிளேஸ்டேஷன் 3-ல், பாதுகாப்புக் காரணம் சொல்லி அந்த வசதியை ஓர் அப்டேட் மூலம் சோனி நீக்கியது. அப்டேட் செய்யாவிட்டால் ஆன்லைன் ஆட்டம் கிடையாது. அமெரிக்க விமானப்படையே 1,760 பிளேஸ்டேஷன் 3 பெட்டிகளை இணைத்து சூப்பர் கம்ப்யூட்டர் கட்டியது. சாதாரண வாடிக்கையாளர்கள் போட்ட வழக்கு பல ஆண்டுகள் இழுத்து, சமரசத்தில் முடிந்தது.
>
> 2023: காசு கொடுத்து வாங்கிய டிஸ்கவரி நிகழ்ச்சிகள் பிளேஸ்டேஷன் கணக்குகளிலிருந்து நீக்கப்படும் என்று சோனி அறிவித்தது. எதிர்ப்பு வந்ததும் அதே மாதம் முடிவை மாற்றிக்கொண்டது.
>
> 2025: வாங்கிய கிண்டில் புத்தகத்தைக் கம்ப்யூட்டரில் இறக்கி, யு.எஸ்.பி. வழியாக மாற்றும் வசதியை பிப்ரவரி 26-ம் தேதி அமேசான் நிறுத்தியது.

கம்ப்யூட்டரும் தப்பவில்லை

கன்சோல்தான் கம்பெனிக்காரன் பெட்டி, கம்ப்யூட்டர் நம் ராஜ்ஜியம் என்று ஒரு காலத்தில் மார்தட்டினோம். 2024 ஜனவரி 1-ம் தேதியோடு விண்டோஸ் 7, 8-க்கான ஆதரவை ஸ்டீம் நிறுத்தியது. அந்தக் காலத்து கேம், அந்தக் காலத்து கம்ப்யூட்டர், இரண்டுமே நன்றாக இருக்கின்றன. நடுவில் சாவியை வைத்திருக்கும் ஸ்டீம் செயலிதான் ஒத்துழைக்க மறுக்கிறது.

அடுத்த இடி 2025 அக்டோபர் 14-ம் தேதி. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியது. விண்டோஸ் 11-க்குப் போகலாமென்றால் டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சிப் வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ம் தலைமுறை பிராசஸராவது வேண்டும். ரேம் கூட்டி, எஸ்எஸ்டி மாற்றி, சீராக ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர்கள் இதனால் காகிதத்தில் கிழவர்கள் ஆகிவிட்டன. ஒரு வருடம் கூடுதல் பாதுகாப்பு வேண்டுமா? 30 டாலர் கட்டுங்கள், அல்லது உங்கள் செட்டிங்குகளை எங்கள் கிளவுடில் ஏற்றுங்கள் என்றது நிறுவனம். ஐரோப்பிய நுகர்வோர் அமைப்புகள் சண்டை போட்டதால், அங்கே மட்டும் அந்த நிபந்தனை இல்லாமலே இலவசமாகக் கொடுத்தார்கள். கேட்கிறவனுக்கு ஒரு விலை, கேட்காதவனுக்கு ஒரு விலை.

தப்பிக்கும் வழி ஒன்று கனிந்துகொண்டிருப்பதையும் சொல்ல வேண்டும். ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் 2022-ல் ‘ஸ்டீம் டெக்’ என்ற கையடக்கக் கருவியை வெளியிட்டது. உள்ளே ஓடுவது லினக்ஸ். விண்டோஸுக்காக எழுதிய கேம்களை ‘புரோட்டான்’ என்ற மென்பொருள் லினக்ஸில் ஓடவைக்கிறது. பின்மூடியைச் சாதாரண ஸ்க்ரூடிரைவரால் கழற்றலாம். உதிரிபாகம் தனியாகக் கிடைக்கிறது. பிடிக்கவில்லையென்றால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸே போட்டுக்கொள்ளலாம். வால்வும் தர்ம ஸ்தாபனம் அல்ல. விண்டோஸின் தயவில் கடை நடத்த விருப்பமில்லாத வியாபாரி. அந்தப் போட்டியில் நமக்கு லாபம், அவ்வளவுதான்.

இங்கேயும் ஒரு முட்டுக்கட்டை. ஏமாற்றி விளையாடுபவர்களைப் பிடிக்க, கம்ப்யூட்டரின் அடிமடியான கெர்னல்வரை இறங்கி வேவு பார்க்கும் மென்பொருள்களைப் பல ஆன்லைன் கேம்கள் நிறுவச் சொல்கின்றன. லினக்ஸில் அந்த அளவு கண்காணிப்பு சாத்தியமில்லை என்று சொல்லி, ‘ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ்’ கேமில் லினக்ஸ்காரர்கள் நுழைவதை 2024 அக்டோபர் 31-ம் தேதி இஏ நிறுவனம் தடுத்தது. முதல் நாள்வரை ஸ்டீம் டெக்கில் விளையாடிக்கொண்டிருந்தவர்கள் மறுநாள் வெளியே.

காணாமல் போகும் ஒரு கலை

அமெரிக்காவின் ‘வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன்’ 2023 ஜூலையில் ஓர் ஆய்வை வெளியிட்டது. அந்த நாட்டில் 2010-க்கு முன் வெளிவந்த கேம்களில் 87 சதவிகிதம் அப்போது முறையான வழியில் வாங்கக் கிடைக்கவில்லை. ஆராய்ச்சியாளர்கள் தம் இடத்திலிருந்தே விளையாடிப் பார்க்கும்படி நூலகங்கள் பழைய கேம்களைத் தரலாமா என்று கேட்டதற்கு, 2024 அக்டோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது.

இதற்கு நேரெதிர் உதாரணம் ‘டூம்’. 1993-ல் வந்த துப்பாக்கி கேம். 1997-ல் அதன் சோர்ஸ் கோடை இட் சாஃப்ட்வேர் பொதுவில் வைத்தது. கால்குலேட்டரில், பிரிண்டரில், ஏடிஎம்மில்கூட ரசிகர்கள் அதை ஓட்டிக் காட்டுகிறார்கள். கோடைக் கொடுத்ததால் இட் சாஃப்ட்வேர் திவாலாகிவிடவில்லை. கேமின் புதிய பாகங்கள் இன்றும் விற்பனைக்கு வருகின்றன.

நம் ஊர் கணக்கு

இங்கே பெரும்பாலோர் விளையாடுவது போனில், இலவச கேம்கள். ஆனால், துப்பாக்கிக்கு வண்ணம், ஆளுக்கு உடை என்று உள்ளே கொட்டிய காசு நிஜக் காசு. 2020 செப்டம்பர் 2-ம் தேதி மத்திய அரசு பப்ஜி மொபைலைத் தடை செய்தது. அக்டோபர் 30-ம் தேதி சர்வர் நின்றது. மறு வருடம் பிஜிஎம்ஐ என்ற பெயரில் வந்தபோது பழைய கணக்கை மாற்றிக்கொள்ள வழி கொடுத்தார்கள். அதற்கும் கெடு இருந்தது. தவறவிட்டவர்களுக்கு வாங்கியது போனது போனதுதான். 2022 ஜூலையில் மீண்டும் முடக்கம், 2023 மே மாதம் மீண்டும் வருகை. இங்கே சுவிட்சை அணைத்தது அரசு. ஆனாலும் காசு போட்டவர் கையில் எதுவுமே இல்லை என்பதில் வித்தியாசம் இல்லை.

சட்டத்தில் இடமே இல்லை என்று சொல்ல முடியாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்றால் என்ன என்று பிரிவு 2(46)-ல் வரையறுக்கிறது. தகுந்த காரணமின்றி ஒரு தரப்பு மட்டும் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம் என்ற நிபந்தனையும் அதில் அடக்கம். ஒப்பந்தத்தையே எதிர்க்கும் வழக்கு மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். சில நூறு ரூபாய் கேமுக்காக யார் அலைவார்கள் என்பது நியாயமான கேள்வி. சேவைக் குறைபாடு என்று புகார் கொடுக்க மாவட்ட ஆணையமே போதும். புகாரை ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 52, முறைப்படி வாங்கிய கம்ப்யூட்டர் புரோகிராமை, தொலைந்தாலோ கெட்டாலோ உதவட்டும் என்று பிரதி எடுத்து வைத்துக்கொள்ள அனுமதிக்கிறது.

எந்த ஆணையத்துக்குப் போனாலும் முதலில் கேட்பது பில்லையும், வாங்கிய அன்று இருந்த நிபந்தனைகளையும்தான். நிபந்தனைப் பக்கத்தை நிறுவனங்கள் அவ்வப்போது திருத்திக்கொண்டே இருக்கும். பணம் கட்டும் முன் அந்தப் பக்கத்தை பிடிஎஃப் ஆக்கி, பில்லோடு ஒரே ஃபோல்டரில் போட்டு வைக்க ஒரு நிமிடம் போதும்.